முதல் செமஸ்டர்: பி.டெக். ஏ.ஐ.டி.எஸ்ஸா, ஐஐடி பி.எஸ்ஸா?

2023-ல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு முதலாமாண்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். ஒருவன் என் அக்கா மகன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் பி.டெக். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், எல்லோரும் சொல்கிறபடி ஏ.ஐ.டி.எஸ். இன்னொருத்தி எதிர்வீட்டுப் பெண். பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்துவிட்டு, ஐஐடி மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸில் சேர்ந்தவள். பட்டத்தின் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். புத்தகங்களைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

முதலில் பி.டெக். அப்போது இருந்த 2021 ரெகுலேஷன் என்ற பாடத்திட்ட விதிகளின்படி அவனுக்கு முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட். ஆங்கிலம், மேட்ரிக்ஸும் கால்குலஸும், இயற்பியல், வேதியியல், பைத்தான் என்ற நிரல்மொழி, ஒரு கிரெடிட்டுக்குத் தமிழர் மரபு, கூடவே மூன்று லேப். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கும் இதே பட்டியல்தான். சேர்ந்த மூன்றாவது வாரமே, "மாமா, இதுல டேட்டா எங்க இருக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. புள்ளியியல் அவனுக்கு இரண்டாம் செமஸ்டரில்தான், அதுவும் எண்ணியல் முறைகளோடு (தோராய விடை காணும் கணக்கு முறைகள்) சேர்த்து ஒரே தாளாக.

ஆனால் டேட்டா இருந்தது. வேதியியல் லேபில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தான். தண்ணீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளக்கும் சோதனை. பியூரெட்டைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தள்ளிப்போகும். மூன்று முறை செய்திருந்தான். முதல் அளவு மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை என்று அதை விட்டுவிட்டு, ஒத்துவந்த அளவை மட்டும் எழுதினான். "ஏன்டா விட்ட?" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் மாமா எழுதுவாங்க." எந்த அளவீட்டை வைப்பது, எதைத் தள்ளுவது, தள்ளினால் காரணம் என்ன? இந்தத் துறையின் பாதிச் சண்டையே இதுதான். அவன் கையிலேயே அது இருந்தது, ஆனால் அதற்கு அந்தப் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நேர்மாறு. பெயர் எல்லாம் முதல் நாளே தெரியும், தொட்டுப் பார்க்க லேப் கிடையாது. அவளுடைய முதல் டெர்ம் நான்கு பாடங்கள்: கணிதம் 1, புள்ளியியல் 1, கம்ப்யூட்டேஷனல் திங்கிங் (கணினி போலப் படிப்படியாக யோசிப்பது), ஆங்கிலம் 1. புள்ளியியல் ஆரம்பமே மாறிகளை, அதாவது ஆளுக்கு ஆள் மாறுகிற விவரங்களை, வகை பிரிப்பதில்தான். அஞ்சல் குறியீட்டு எண் 600020 என்பது எண்ணா, பெயரா? பார்க்க எண்தான். ஆனால் பத்துப் பேரின் பின்கோடுகளைக் கூட்டி சராசரி எடுத்தால் அது எந்த ஊரையும் குறிக்காது. இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்கள் பிறகு பல முட்டாள்தனமான வரைபடங்களை வரையாமல் தப்பிப்பார்கள்.

கம்ப்யூட்டேஷனல் திங்கிங் எனக்கு மிகவும் பிடித்த பாடம். மாணவர்களின் மதிப்பெண் அட்டைகள், கடை பில்கள், ஒரு பத்தியின் சொற்கள் என்று கட்டுக்கட்டாக அட்டைகள். அதிக மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமா? முதல் அட்டையின் மதிப்பைக் குறித்துக்கொள், அடுத்ததைப் புரட்டு, பெரிதாக இருந்தால் மாற்றி எழுது. கட்டு தீரும்வரை இதேதான். பிறகு அதைச் சூடோகோடாக, அதாவது நிரல் போன்ற சாதாரண வாக்கியங்களாக, எழுதுகிறார்கள். "அங்கிள், கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் பாடம்!" என்று சிரித்தாள். பைத்தான் அவளுக்கு அப்புறம்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், பி.டெக். பைத்தான் பாடத்திட்டத்தின் முதல் யூனிட்டிலும் அட்டைகள் இருந்தன. வரிசையாக அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவே ஒரு புதுச் சீட்டைச் செருகுவது எப்படி என்பது அதில் ஒரு கணக்கு. அவன் அதை எழுதிப் படித்தான். அவள் மேஜையில் சீட்டுக்கட்டைப் பரப்பிச் செய்து காட்டினாள். நிரலை ஓடவைத்துப் பிழை திருத்துவதில் மட்டும் அவன் பல படி முன்னால் இருந்தான். வாராவாரம் லேபில் உட்கார்ந்து அடித்த பழக்கம்.

கணிதத்தில் எடை பி.டெக். பக்கம் இருந்தது. எடுத்த எடுப்பிலேயே ஐகன் மதிப்பு (ஒரு மேட்ரிக்ஸ், தான் திசை மாற்றாத வெக்டரை எத்தனை மடங்கு நீட்டுகிறது என்கிற எண்), கேலி-ஹாமில்டன் தேற்றம் என்று மேட்ரிக்ஸ் கணக்குகள். பல பரிமாணத் தரவைச் சுருக்கும் முறைகளுக்கு ஐகன் மதிப்புதான் முதுகெலும்பு. அதை முதல் செமஸ்டரில் யாராவது சொல்லிவிட்டால் பிள்ளைகள் கொஞ்சம் ஆர்வமாகப் போடுவார்கள். பி.எஸ்ஸின் கணிதம் 1 நேர்கோடு, இருபடிச் சமன்பாடு, மடக்கை என்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் கிராஃப் (புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த வலை), அதில் மிகக் குறைந்த தூரப் பாதை என்று புதிய இடத்துக்குப் போகிறது. பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவனுக்கு இது சலிப்பு. காமர்ஸ் பெண்ணுக்கு இதுதான் ஏணி.

கலை அறிவியல் கல்லூரி பி.எஸ்ஸி. டேட்டா சயின்ஸையும் கேட்பார்கள். தமிழ், ஆங்கிலம், ஒன்றிரண்டு முதன்மைப் பாடம் என்று தொடங்கும். கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சிலபஸை வாங்கிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

இரண்டு பேருக்குமே கிடைக்காத ஒன்றை அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் டேட்டா 8 பாடத்தில் தருகிறது. 2015-ல் தொடங்கியது, பாடநூல் இணையத்தில் இலவசம். அதில் ராபர்ட் ஸ்வெய்ன் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு வருகிறது. அலபாமாவின் டல்லடேகா கவுண்டியில் ஜூரிக்கு, அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, தகுதியானவர்களில் 26 சதவீதம் கறுப்பினத்தவர். ஜூரிக்காக அழைக்கப்பட்ட 100 பேரில் அவர்கள் 8 பேர்தான். 1965-ல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் கம்ப்யூட்டரில் அதே 26 சதவீதக் கணக்கை வைத்து 100 பேரைக் குருட்டாம்போக்கில் ஆயிரக்கணக்கான முறை தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். 8 என்பது வரவே வராது என்று சொல்கிற அளவுக்கு அபூர்வம். சூத்திரம் எதுவும் வேண்டாம், ஒரு மாலை நேரம் போதும். இரண்டு பிள்ளைகளையும் இதைச் செய்ய வைத்தேன், இருவருமே அன்று சீக்கிரம் எழுந்து போகவில்லை.

சரி, எதில் சேர்வது? இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று சீக்கிரம் தெரிய வேண்டுமானால் பி.எஸ்.தான். சேரும் முன்பே நான்கு வாரப் பாடமும் ஒரு குவாலிஃபையர் (தகுதித்) தேர்வும் உண்டு, அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஆனால் தனிமை தாங்க வேண்டும். வீடியோ, வார அசைன்மென்ட், தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் குவிஸ் என்று ஓடும்போது பக்கத்து பெஞ்சில் யாரும் இல்லை. பி.டெக். எடுத்தவர்கள் முதல் செமஸ்டரை வைத்துத் துறையை எடை போட வேண்டாம், அது துறையே அல்ல. இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அனுமதித்த பிறகு இரண்டிலும் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் செமஸ்டரிலேயே அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்பேன்.

இரண்டாம் செமஸ்டரில் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்கிற கணக்கு) வந்ததும் அக்கா மகன் பரணிலிருந்து பழைய வேதியியல் ரெக்கார்டை எடுத்தான். மூன்று அளவுகளையும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறான். தள்ளிவிட்ட முதல் அளவு அதில் எங்கேயும் இல்லை.