ஹை ஃப்ளோவா, பைபேப்பா, வென்டிலேட்டரா?

"சிஸ்டர், ட்யூப் போடாம மாஸ்க்கிலேயே பாத்துக்க முடியாதா?" சென்னையில் ஐசியு நர்ஸாக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. உறவினர்கள் மனதில் இந்த மெஷின்கள் ஒரு படிக்கட்டு: மூக்கில் குழாய் (ஹை ஃப்ளோ) என்றால் பரவாயில்லை, அழுத்தத்தோடு காற்று தரும் மாஸ்க் (பைபேப்) என்றால் பயம், தொண்டை வழியாக ட்யூப் போட்டு மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டர் என்றால் முடிந்தது. அந்தக் கணக்கு தப்பு. மூன்றுக்கும் வேலை வேறு.

நிமோனியாவில் ஆக்சிஜன் மட்டும் இறங்குகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் என் முதல் ஓட்டு ஹை ஃப்ளோவுக்கு. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியாகத் தரும். நோயாளி பேசலாம், சளியைத் துப்பலாம். 2015-ல் பிரான்ஸ், பெல்ஜியத்தில் ஹை ஃப்ளோவை சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கோடும், அழுத்தம் தரும் மாஸ்க்கோடும் ஒப்பிட்ட ஆய்வில், ட்யூப் தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை; ஆனால் 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஹை ஃப்ளோவில்தான் குறைவு. குறை ஒன்று: ஆக்சிஜனை அப்படியே குடிக்கும். முழு வேகத்தில், நூறு சதவீதத்தில் வைத்தால் மணிக்கு 3,600 லிட்டர். ஒரு ஜம்போ சிலிண்டரில் இருப்பதோ சுமார் 7,000 லிட்டர். சிலிண்டரை மட்டும் நம்பி ஓடும் சின்ன நர்சிங் ஹோமில் இதை வைத்துக்கொண்டு ராத்திரியை ஓட்ட முடியாது.

பைபேப் வேறு ஜாதி. மூச்சை இழுக்கும்போது காற்றை அழுத்தித் தள்ளும், விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிஓபிடி (புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கும், இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் இதற்கு நிகர் இல்லை.

விறகு அடுப்பிலேயே ஆயுசைக் கழித்து சிஓபிடி வந்த ஒரு பாட்டி வியாசர்பாடியிலிருந்து வந்தார். வரும் வழியெல்லாம் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், முழு வேகத்தில். மானிட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 99 சதவீதம். "இப்பதான் சிஸ்டர் அம்மா நிம்மதியா தூங்குறாங்க," என்றார் மகள். தோளைத் தட்டினேன், எழவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று உதறியது. ஏபிஜி (ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் டெஸ்ட்) எடுத்தோம்: கார்பன் டை ஆக்சைடு 88. இருக்க வேண்டியது 35 முதல் 45. இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும்; சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும். விரலில் மாட்டும் கிளிப் ஆக்சிஜனை மட்டும்தான் சொல்லும். தேங்கிக் கிடப்பதைச் சொல்லாது. பைபேப் வைத்து, பக்கத்திலேயே நின்று, இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஏபிஜி: 64. பாட்டி கண்ணைத் திறந்து மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த 64 வராமல் போயிருந்தால் ட்யூப்தான். மயக்கத்தில் இருப்பவருக்கோ, வாந்தி எடுப்பவருக்கோ மாஸ்க்கை நீட்டிக்கொண்டே போவது ஆபத்து.

வென்டிலேட்டரை நான் கடைசி என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்குப் போட வேண்டியது என்பேன். மயக்க மருந்து, தொற்று, எழுந்து நடக்கப் பல வாரம் என்று அதற்கும் விலை உண்டு. ஆனாலும் ஏஆர்டிஎஸ்ஸில் (நுரையீரல் முழுக்க வீங்கி நீர் கோக்கும் நிலை) உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு, கிலோவுக்கு 6 மில்லி என்று சின்னச் சின்ன மூச்சாகக் கொடுத்தபோது இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31-க்கு இறங்கியதாக 2000-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு: ஹை ஃப்ளோ கைகொடுக்காமல், 48 மணி நேரம் தாண்டி ட்யூப் போட்டவர்களில் இறப்பு அதிகம் என்று கொரிய மருத்துவர்கள் 2015-ல் எழுதினார்கள்.

எப்போது மாற்றுவது? ஹை ஃப்ளோவில் நாங்கள் போடும் கணக்கு ராக்ஸ். சாச்சுரேஷன் 92, நாங்கள் கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் 80 சதவீதம், மூச்சு நிமிடத்துக்கு 32 என்று வையுங்கள். 92-ஐ 0.8-ஆல் வகுத்தால் 115. அதை 32-ஆல் வகுத்தால் 3.6. 4.88-க்கு மேல் இருந்தால் தைரியமாகத் தொடரலாம். 12 மணி நேரம் கழிந்தும் 3.85-க்குக் கீழேயே நின்றால் ட்யூப்புக்குத் தயாராக வேண்டும்.

இதில் சாச்சுரேஷனை எல்லோரும் பார்க்கிறார்கள், மூச்சை யாரும் எண்ணுவதில்லை. நோயாளி இருமினாலோ புரண்டாலோ மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணிக்கை தப்பிப்போகும். அதனால் ஒவ்வொரு ரவுண்டிலும் நெஞ்சில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுசாக நானே எண்ணி எழுதுகிறேன்.