மூன்று வாரப் பின்ஹோல் தொல்லையும் 350 ரூபாய் ஃப்ளோ டெஸ்டரும்

பெங்களூரு பீன்யாவில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பிகள் இரண்டு பேர். மேஜைக் கால், ரேக், கைப்பிடி என்று எல்லாமே எம்எஸ், அதாவது சாதாரண இரும்பு வேலை. கண்ணுக்குத் தெரியும் ஜாயின்ட் என்றால் ஆர்கான் வெல்டிங்தான் போடுவோம். டங்ஸ்டன் முனையில் ஆர்க் அடித்து இரும்பை உருக்கும்போது, டார்ச்சின் கப் வழியாக வரும் ஆர்கான் கேஸ் அதில் காற்று படாமல் காக்கும்.

ஆர்கான் டார்ச்சின் கப் வாயில் வைத்து, கேஸ் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். பீன்யாவிலேயே ஒரு வெல்டிங் சாமான் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வாரம் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

40க்கு 40 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப்பில் 48 மேஜைக் கால் ஆர்டர். வெல்டிங் முடித்து, கிரைண்டிங் அடித்து, பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினோம். மறுநாளே கோட்டிங்காரர் போன் செய்தார். "அண்ணா, ஜாயின்ட் எல்லாம் கொப்புளம் கொப்புளமா வந்திருக்கு." போய்ப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல ஓட்டைகள். வெல்டில் பின்ஹோல் இருந்தால் கழுவும் தண்ணீரும் காற்றும் அதற்குள் தங்கிவிடும். அடுப்பில் 180, 200 டிகிரி சூடு ஏறும்போது அது வெளியே வர வழி தேடும், பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். கோட்டிங்காரர் மேல் தப்பே இல்லை.

முதலில் பைப்பைச் சந்தேகப்பட்டேன். எச்ஆர் பைப், அதாவது சூட்டில் உருட்டிய இரும்பு, மேலே கறுப்புச் செதில். ஜாயின்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் வெள்ளியாகத் தெரியும்வரை கிரைண்டிங் அடித்து, அசிட்டோனில் துடைத்தோம். அப்போதும் வந்தது. ஜாயின்ட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பியான ராடை மாற்றினேன், துரு இல்லாத புது இஆர்70எஸ்-2. சிலிண்டரையும் மாற்றினேன். சின்னத் தம்பிக்கு இறுக்கமான மூலைகளை ராடே கொடுக்காமல் உருக்கி ஒட்டும் பழக்கம் உண்டு. அதை நிறுத்தச் சொன்னதில் கொஞ்சம் குறைந்தது. இரும்புக்குள் இருக்கும் ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து வாயுவாகிக் குமிழி விடும். அந்த ராடில் இருக்கும் அலுமினியம், டைட்டானியம், சிர்கோனியம் எல்லாம் அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளத்தான். ஆனாலும் பின்ஹோல் முழுசாக நிற்கவில்லை. ஆர்க் அடித்தால் உருகிய இரும்புக் குளம் அமைதியாக இருக்காமல் கொதித்துப் பொறி துப்பும். டங்ஸ்டன் முனை பளிச்சென்று இருக்க வேண்டியது, கறுநீலமாக மாறி நிற்கும்.

கேஸ் போதவில்லை போல என்று சிலிண்டர் ரெகுலேட்டரில் நிமிடத்துக்கு 10 லிட்டரை 15 ஆக்கினேன், அப்புறம் 18. இன்னும் மோசமானது! கப்பிலிருந்து அவ்வளவு வேகமாக வரும் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் அதைக்கூட மறந்துவிட்டேன்.

சரி, டெஸ்டருக்கு வருகிறேன். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான அக்ரிலிக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குண்டு, பக்கத்தில் லிட்டர் கோடுகள், அடியில் ரப்பர். எங்களுடையது டபிள்யூபி-17, கையால் திருகும் வால்வு வைத்த டார்ச். மெஷினை ஆஃப் செய்துவிட்டு, கப் மேலே பார்க்கும்படி டார்ச்சைப் பிடித்து, அதன் வாயில் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி வால்வைத் திறந்தேன். குண்டு எழும்பி 6இல் நின்றது. ரெகுலேட்டர் காட்டியது 10.

நிமிடத்துக்கு நாலு லிட்டர் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. 7 கன மீட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் கணக்கில் சுமார் பதினொன்றரை மணி நேரம் ஓடும். அதில் பத்துக்கு நாலு பங்குக்கு நான் சும்மாவே பணம் கட்டியிருக்கிறேன். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததும் மெஷின் பின்னால் ஹோஸ் கிளிப் போட்ட இடத்தில் நுரை பொங்கியது. ஹோஸ் நுனி வெடித்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டதும் குண்டு ஒன்பதரைக்கு ஏறியது.

பெரும்பாலான ஓட்டை அன்றே நின்றது. ஆனால் பத்து ஜாயின்ட்டில் ஒன்றில் விடாமல் வந்துகொண்டிருந்தது. டெஸ்டரின் குறை தெரிந்தது இங்கேதான். கேஸ் எவ்வளவு என்று அது சொல்லும், சுத்தமா என்று சொல்லாது. இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் ஆன்லைனில் ஒரு கேஸ் லென்ஸ் செட், அதாவது கேஸைச் சுழலாமல் சீராக வரவைக்கும் சல்லடை வைத்த பாகம், வாங்கி டார்ச்சில் மாட்டியிருந்தேன். அந்த செட்டில் கேஸ் லென்ஸுக்கான இன்சுலேட்டர் வளையம் இல்லை. பழைய வெள்ளை வளையத்தையே போட்டு இறுக்கியிருந்தோம். அது சாதாரண கப்புக்கானது, லென்ஸ் பாடியோடு பொருந்தி உட்காராது. டார்ச் தலையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் மயிரிழை அளவு இடைவெளி. அந்த வழியாகக் காற்று உள்ளே போய் ஆர்கானோடு கலந்து வந்திருக்கிறது. குண்டு அதையும் கேஸாகவே எண்ணிக் காட்டும்.

அதே பீன்யா கடையில் டார்ச்சைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கழற்றிப் பார்த்தவுடனே கேஸ் லென்ஸுக்கான 54என்01 வளையத்தை எடுத்து வைத்தார். லென்ஸ் செட்டை விற்றவர்கள் அந்தச் சின்ன வளையத்தையும் பெட்டியில் போட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் கோபமாக இருக்கிறது. வளையம் சரியாக அமர்ந்த பிறகு அந்த லென்ஸ் உண்மையிலேயே நல்ல பொருள். 8ஆம் நம்பர் கப்பில் 8 லிட்டரே போதுமாக இருக்கிறது. டங்ஸ்டனைக் கொஞ்சம் வெளியே நீட்டினாலும் மூலை ஜாயின்ட்டில் குளம் கண்ணாடி மாதிரி நிற்கிறது.

டெஸ்டரில் இன்னும் இரண்டு குறை. 5 லிட்டருக்குக் கீழே கோடுகள் நெருக்கமாக இருப்பதால் படிப்பது கஷ்டம். அப்புறம், அது அக்ரிலிக் என்பதால் அசிட்டோன் பட்ட துணியால் தொடவே கூடாது. எங்கள் தம்பி பழக்கத்தில் துடைத்துவிட்டான், ஒரு பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கிவிட்டது. வாங்கும்போது கோடுகள் ஆர்கானுக்குப் போட்டவையா என்று பாருங்கள். சிஓ2வுக்குப் போட்டதை வாங்கினால் காட்டும் கணக்கு தப்பாகிவிடும்.

இப்போது காலையில் முதல் ஆர்க் அடிப்பதற்கு முன்னால் சின்னத் தம்பி குழாயை எடுத்து கப்பில் வைத்துப் பார்க்கிறான். ரெகுலேட்டருக்கும் டார்ச்சுக்கும் ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சோப்புத் தண்ணீர் எடுத்துவிடுவான். அந்த 48 காலையும் வெட்டித் திரும்பப் போட்டோம். போன வாரம் கோட்டிங் முடிந்து வந்தது. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினேன்.