ஹேவர்டு குன்றில் வீடு வாங்குமுன் செய்த நிலவியல் ஆய்வு: கொடுத்த காசுக்குத் தகுமா?

கலிஃபோர்னியாவின் ஹேவர்டு நகரில், சமவெளியிலிருந்து கிழக்கே ஏறும் குன்றுகளில் ஒரு வீட்டை வாங்க எண்ணியபோது, விலையை முடிப்பதற்கு முன் நிலவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். பழைய ஆவணங்களைப் படித்து, இடத்தை நேரில் பார்த்து, அறிக்கை எழுதித் தர 1,800 டாலர் கட்டணம்; துளையிட்டு மண் எடுப்பது இதில் சேராது.

விற்பவர் சட்டப்படி தரவேண்டிய இயற்கை இடர் அறிக்கை முன்பே எங்கள் கையில் இருந்தது. ஆனால் அது, மனை நிலப்பிளவு (பூமியின் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகரும் விரிசல்) மண்டலத்துக்குள் இருக்கிறதா, நிலநடுக்கத்தால் சரியக்கூடிய மண்டலத்துக்குள் இருக்கிறதா என்னும் கேள்விகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறியிடுவதோடு நின்றுவிடுகிறது. 1971ஆம் ஆண்டு சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் தரையே பிளந்து கட்டடங்கள் உடைந்ததைக் கண்டபின், 1972இல் வந்த ஆல்கிஸ்ட்-பிரியோலோ சட்டம், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்குள் அசைந்த பிளவுகளின்மேல் புதிய குடியிருப்புகள் எழுவதைத் தடுக்கிறது; பொதுவாக 50 அடி விலகிக் கட்டவேண்டும். எங்கள் மனைக்கு முதல் கேள்விக்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’. அந்த ‘ஆம்’ எவ்வளவு கனமானது என்று அறியவே காசு கொடுத்தோம்.

வந்த நிலவியலாளர் வீட்டுக்குள் நுழையும் முன்பே, குன்றைச் செதுக்குமுன் எடுத்த வான்படத்தையும் 1960களின் மண்வேலை வரைபடத்தையும் வாகனத்தின் முன்மூடிமேல் விரித்துவிட்டார். இன்று படிக்கட்டுபோல் அடுக்கடுக்காகத் தெரியும் தெருக்கள் அன்று இல்லை. இரண்டு முகடுகளும் நடுவே ஓர் ஓடைப் பள்ளமும் இருந்தன. முகடுகளைச் சீவி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். எங்கள் வீட்டின் பின்பாதி வெட்டிய பாறையிலும், முன்படுக்கையறை பதினான்கு அடி ஆழ நிரப்பு மண்ணிலும் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. பாறை அமுங்காது; நிரப்பு மண் அமுங்கும், மழையில் நனைந்து கனக்கும், நிலநடுக்கத்தில் வேறு விதமாகக் குலுங்கும். 1994இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போது இப்படிப்பட்ட எல்லைகளை ஒட்டிய வீடுகள் சேதமடைந்ததை அவர் சொல்லிக்கொண்டே, அந்த எல்லைக்கோட்டை வீட்டு வரைபடத்தின்மேல் பென்சிலால் இழுத்தார். விற்பனை முகவர் ‘கான்கிரீட் காய்ந்த விரிசல்’ என்று கடந்துபோன கூடத்துத் தரை விரிசல், சரியாக அக்கோட்டின்மேல் கிடந்தது.

ஹேவர்டு நிலப்பிளவு குன்றின் அடிவாரத்தில்தான் ஓடுகிறது. 1868இல் சுமார் 6.8 அளவில் அதிர்ந்த அது, இடைப்பட்ட காலத்திலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. (அந்த ஊர்தலால் மெல்ல விலகிவந்ததால் நிலவியலாளர்கள் பல்லாண்டுகளாகப் படம் எடுத்துவந்த தெருமுனை ஓரக்கல் ஒன்றை, 2016இல் நகராட்சி விவரம் அறியாமல் பெயர்த்துப் புதுப்பித்துவிட்டது.) எங்களுக்கு ஆபத்து பிளவு நேராகக் கிழிப்பதில் இல்லை, அதன் குலுக்கல் நிரப்பு மண்ணை என்ன செய்யும் என்பதில்தான் என்று அவர் பிரித்துக் காட்டியது இந்தச் சேவையின் மிகப் பெரிய பயன்.

அறிக்கையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து, ஆய்வை முடித்து முடிவு சொல்ல எங்களுக்கு இருந்த கெடுவைத் தின்றது. நேரில் தெளிவாகப் பேசியவர், எழுத்தில் வரிக்கு வரி ‘இருக்கக்கூடும்’ என்று பதுங்கியிருந்தார். முதல் ஆறு பக்கங்கள் எந்த மனைக்கும் ஒட்டவைக்கத்தக்க வட்டார வரலாறு. நிரப்பு மண்ணுக்கு அடியில் வடிகால் குழாய் போட்டார்களா என்ற முக்கியக் கேள்வி கடைசிப் பக்க அடிக்குறிப்பில் ஒளிந்திருந்தது. வழக்கமான வீட்டுக் காப்பீடு நில அசைவுச் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் ஒரு வரியில் நினைவூட்டியிருக்கலாம்.

இரண்டு இடங்களில் துளையிட்டுப் பார்க்க அறிக்கை பரிந்துரைத்தது. விற்பவர் இசையவில்லை, நாங்கள் விலகினோம். அடுத்த வீட்டுக்கும் அவரையே அழைப்போம். ஆனால் அறிக்கைக்கு முன்பாக, வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோடு வரைந்த அந்த ஒற்றைத் தாளை அனுப்பச் சொல்வோம்.