சிவப்பைக் கண்டால் மிரளும் கேமரா

2018 செப்டம்பரில், கேமரா வாங்கிய அதே மாதத்தில், சீனர்களின் நடு இலையுதிர்கால விழாவுக்காகச் சிங்கப்பூர் சைனாடவுனுக்குப் போனேன். ஒரே இரவில் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், சாலைக்குக் குறுக்கே தொங்கிய அத்தனை சிவப்பு லாந்தர்களும் கமலாப்பழ நிறத்தில் இருந்தன. நடுவில் வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் கசிந்து, பார்ப்பதற்குத் தெருவிளக்கு மாதிரி. அப்போது நான்கு வயதாக இருந்த என் மகள் மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, நாம் பார்த்தது சிவப்புதானே?" என்று கேட்டாள். எட்டு நடு இலையுதிர்கால விழாக்களும் ஏழு சீனப் புத்தாண்டுகளும் கடந்துவிட்டன. அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ ஒரு பதில் கிடைத்திருப்பதாக நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் கருவிகள். 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு) கொண்ட மிரர்லெஸ் கேமரா. கேமராவின் உடலில், கை நடுக்கத்தால் படம் கலங்காமல் காக்கும் அதிர்வுத் தடுப்பு கிடையாது. எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, அதில் அதிர்வுத் தடுப்பு உண்டு. கேமராவோடு கூட வந்த சிறிய ஜூம் லென்ஸ் ஒன்றும் இருந்தது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் பட்ட பாடு இந்த அளவுச் சென்சார் உள்ள எந்தக் கேமராவிலும் படக்கூடியதுதான்.

சிவப்பு ஏன் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. சென்சாரின் மேல் நிற வடிகட்டிகள் ஒரு கட்டம் போல அமைந்திருக்கின்றன. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு, ஒன்றே ஒன்று சிவப்புக்கு. சிவப்பு எல்இடி விளக்கின் ஒளி மிகக் குறுகிய அலைவரிசையில் வருவதால், ஏறக்குறைய முழுச் சுமையும் அந்த நான்கில் ஒன்றின் தலையில் விழுகிறது. அது நிரம்பி வழிந்தபின் எவ்வளவு ஒளி வந்தாலும் சிவப்பு ஏறாது. பக்கத்திலிருக்கும் பச்சை மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். சிவப்போடு பச்சை சேர்ந்தால் ஆரஞ்சு, இன்னும் சேர்ந்தால் மஞ்சள். என் முந்நூறு படங்களுக்கும் நேர்ந்த கதி இதுதான்.

கேமரா இதை நமக்குச் சொல்வதும் இல்லை. திரையில் வழக்கமாகத் தெரியும் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) பிரகாசத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் எடை கொடுக்கிறது. சிவப்புக்குச் சுமார் 21 விழுக்காடுதான். அதனால் சிவப்பு நிரம்பி வழிந்து முழுக்கக் கருகிப்போன படத்துக்கும் "எல்லாம் நலம்" என்று அது சான்றிதழ் கொடுத்துவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் மெனுவின் ஆழத்தில் ஒளிந்திருந்தது. 2020-இல்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவை, ஒன்று அல்லது ஒன்றரைப் படி குறைத்து (ஒரு படி குறைந்தால் ஒளி பாதியாகும்), சிவப்பின் வரைபடம் வலது ஓரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். இருட்டாக வரும் பகுதிகளை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலிருந்து பிறகு தூக்கிக்கொள்ளலாம். கருகிய சிவப்பை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இந்த எண்களையெல்லாம் விட எனக்கு உதவிய அளவுகோல் வேறு. பெரிய விளக்கு உருவங்களைக் கம்பியை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் பட்டுப் போன்ற துணியைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிறார்கள், உள்ளே விளக்குகள். சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் உள்ள ஸிகோங் நகரம் இந்தக் கைவினைக்குப் பேர்போனது. ஒரு நாள் பகலில், விளக்கு எரியாதபோது, ஒரு முயல் உருவத்தின் காதருகே நின்று பார்த்தேன். துணி கம்பியில் இறுகி ஒட்டியிருக்கும் விளிம்பு, ஒரு துண்டும் அடுத்த துண்டும் சந்திக்கும் கோடு, கண்ணுக்கு மேலே தூரிகையால் இழுத்த இளஞ்சிவப்பு, எல்லாம் தெரிந்தன. அன்றிரவு எடுத்த படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் பொம்மைக்குள் டார்ச் அடித்தது போல இருந்தது. அதற்குப் பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கி ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: கம்பியும் துணியும் சேரும் கோடு தெரிகிறதா? தெரிந்தால் வெளிச்சம் சரி. தெரியாவிட்டால் இன்னும் அரைப்படி குறை.

பகலில் போவது இப்போது பழக்கமாகிவிட்டது. விளக்கு எரியாத லாந்தரைப் படம் எடுக்க வந்த ஒருவனைக் காவலாளி கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

கேமராவின் பின்திரையும் இரவில் ஏமாற்றும். கண் இருளுக்குப் பழகிவிட்ட பிறகு, மங்கலான படம்கூடத் திரையில் ஜொலிக்கும். வீட்டில் பார்த்தால் கரி அள்ளிப் பூசியது போல இருக்கும். திரையின் பிரகாசத்தைத் தானியங்கியில் விடாமல் இரண்டு படி குறைத்து நிலையாக வைத்துவிட்டேன்.

2019 சீனப் புத்தாண்டின்போது நேர்ந்தது இன்னொரு சோகம். சிங்க நடனக் குழு ஆடிக்கொண்டிருந்தது. 'டிக் டிக்' சத்தம் யாருக்கும் தொந்தரவாக வேண்டாம் என்று மின்னணு ஷட்டரைப் போட்டேன். சிங்க நடன மேளத்துக்கு நடுவில் என் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை! எல்லாப் படங்களிலும் வரிக்குதிரை போலக் குறுக்குக் கோடுகள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. மின்னணு ஷட்டர் சென்சாரை வரி வரியாக வாசிப்பதால், விளக்கு மங்கிய நேரத்தில் வாசிக்கப்பட்ட வரிகள் கருத்துவிடுகின்றன. இயந்திர ஷட்டர், 1/50 அல்லது 1/100 வினாடி: இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஆடும் சிங்கத்துக்கு 1/100 போதாது, வால் கலங்கும். கலங்கட்டும். கோடுகளைவிட அது அழகு.

சைனாடவுனில் எனக்குப் பிடித்த இடம் சவுத் பிரிட்ஜ் ரோடு. 1827-இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோவில் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் இரு புறமும் ஓடும் பகோடா ஸ்ட்ரீட்டும் டெம்பிள் ஸ்ட்ரீட்டும் இந்தக் கோவிலை வைத்துப் பெயர் பெற்றவை. 'பகோடா' என்றது நம் கோபுரத்தைத்தான். சற்றுத் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சீன விழாவின் லாந்தர்கள் இந்த இரண்டுக்கும் முன்னால் ஒளிர்வதை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர ஆண்டுதோறும் முயல்கிறேன். கோவில் மதிற்சுவர் மேல் படுத்திருக்கும் பசுச் சிலைகளுக்குப் பின்னால் சிவப்பும் பொன்னும் மங்கலாகக் கரையும் படம் ஒன்று வாய்த்தது. கோபுரம் முழுதாக வேண்டுமென்றால் 35 மி.மீ. போதாது, எதிர்ச் சாரிக்குப் போனால் பஸ் மறைக்கும். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு முடிந்தபின் கோபுரத்தின் வண்ணங்கள் புதிதாகிவிட்டதால், அந்த ஆண்டு நடு இலையுதிர்கால விழாவில் எடுத்தவைதான் என்னிடம் உள்ளவற்றில் சிறந்தவை.

அங்கே நேரம் மிகக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் பொழுது கடத்தாமல் செங்குத்தாக இறங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் ஏழு மணியையொட்டி அஸ்தமனம். பிப்ரவரியில் ஏழேகால் தாண்டும். அதிலிருந்து இருபது நிமிடங்களுக்குத்தான் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அந்த நீலத்தின் முன்னால் சிவப்பு லாந்தர் தானாகவே எடுப்பாக நிற்கும். இரவு எட்டு மணிக்குமேல் பின்னணி வெறும் கறுப்பு. எடுக்கலாம், ஆனால் லாந்தர் எதிலும் ஒட்டாமல் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். எனவே ஆறரைக்கே இடம் பிடித்துவிடுவேன். எஃப் 2.8, 1/100 வினாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800-இல் தொடங்கி, வானம் கருக்கக் கருக்க ஐஎஸ்ஓவை 1600 வரை விடுவேன். 3200 வரை, படத்தில் மணல் தூவியது போல வரும் புள்ளிகள் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. 6400-இல் துணியின் நெசவு மறைந்துவிடுகிறது. நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், கேமரா சிவப்பைப் பார்த்து மிரண்டு படம் முழுவதையும் நீலத்துக்குத் தள்ளும். அதை 4000 கெல்வின் என்ற நிற வெப்பநிலையில் நிறுத்திவிடுகிறேன்.

முக்காலியை மூன்றே ஆண்டுகளில் கைவிட்டேன். கூட்டத்தில் அது யார் காலையாவது தட்டிவிடும் என்பது ஒரு காரணம். நியூ பிரிட்ஜ் ரோட்டின் மேலே உள்ள நடைமேம்பாலம் இன்னொன்று. லாந்தர் வரிசை முழுவதும் தெரியும் அருமையான இடம். ஆனால் ஆட்கள் நடக்க நடக்கப் பாலமே அதிரும். இரண்டு வினாடி திறந்து எடுத்த படங்கள் அத்தனையும் இரட்டை இரட்டையாக வந்தன. இப்போது கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ரிவர் ஹொங்பாவ் வேறு வகை. 1987-இல் தொடங்கிய சீனப் புத்தாண்டு விழா. 2021-இலிருந்து கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் நடக்கிறது. அந்த முதல் ஆண்டில், பெருந்தொற்றுக் காலம் என்பதால், முன்பதிவு செய்தவர்களை மட்டுமே உள்ளே விட்டார்கள். ஆளில்லாத புல்வெளியில் செல்வக் கடவுளின் விளக்கு உருவமும் நானும் முகத்துக்கு முகம் நின்றோம். அப்படி ஒரு வசதி இனிக் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். அங்குள்ள தொல்லை சூப்பர்ட்ரீ எனும் செயற்கை மரங்கள். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளிக்காட்சி தொடங்கியதும் ஊதாவும் பச்சையும் மாறி மாறி லாந்தர்களின் மேல் வழியும். பொன்னிறத் துணி பிணத்தின் நிறமாகிவிடும். அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவது நல்லது.

நடு இலையுதிர்கால விழா கேமராவுக்கு இன்னும் இதமானது. புத்தாண்டு போல எல்லாம் சிவப்பு இல்லை. தாமரை, நிலவு, முயல், நிலவில் வாழும் சாங்ஙா தேவதை என்று இளநிறங்கள் நிறைய. நமக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். அவர்களுக்கு முயல் மருந்து இடிக்கிறது. ஒருமுறை முழுநிலவையும் முயல் லாந்தரையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்று தோற்றேன். லாந்தருக்குச் சரியாக வைத்தால் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டு. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள், நீங்கள் எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "நான் எடுக்க மாட்டேன். நிலவு கேக் சாப்பிடுவேன்" என்றார்.

இனிப் பராமரிப்பு. குளிரூட்டப்பட்ட ரயிலிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் பனி படியும். துடைத்தால் மீண்டும் படியும். ஸிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, நிலையத்தை விட்டு வெளியே வந்து கால் மணி நேரம் பொறுத்த பிறகே கேமராவை எடுக்கிறேன். நான் சொன்ன அந்த ஜூம் லென்ஸை அலமாரியில் சும்மா வைத்திருந்தேன். இரண்டே ஆண்டுகளில் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட தொகை லென்ஸின் விலையைவிட அதிகம். அதன்பின் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கி 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். 35 மி.மீ. இன்றும் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பாக மாட்டியிருந்த கண்ணாடி வடிகட்டியை மட்டும் இரவில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு லாந்தருக்கும் எதிர்மூலையில் பேய் போலப் பச்சைப் பிரதிபலிப்பு ஒன்று தலைகீழாக மிதக்கும்.

கைப்பேசியோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. என் மனைவியின் கைப்பேசி இரவுப் பயன்முறையில் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. மதுரையில் உள்ள உறவினர்களுக்கு அனுப்ப அவள் படங்களே போகின்றன. அவையே பாராட்டும் பெறுகின்றன. எனக்குச் சற்று எரிச்சல்தான். ஆனாலும் அதில் வரும் சிவப்பு தக்காளிச் சாறு போலத் தட்டையானது. நிழலையெல்லாம் தூக்கி நிறுத்திவிடுவதால் இரவே இல்லாத இரவு. சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டால் துணியின் கோடுகளைக் காணோம். சுவரில் மாட்டும் எண்ணம் இல்லாதவர்கள் கேமராவே வாங்க வேண்டாம் என்று மனதாரச் சொல்வேன்.

ஏழு ஆண்டுகளில் கைப்பிடியின் ரப்பர் ஒரு மூலையில் பெயர்ந்திருக்கிறது. முதல் மின்கலம் இருநூறு படங்களுக்குள் படுத்துவிடுகிறது, இரண்டு மாற்று வைத்திருக்கிறேன். இருட்டில் குவியம் (ஃபோகஸ்) தேடித் தேடி லென்ஸ் முன்னும் பின்னும் அலையும் குணம் முதல் நாளிலிருந்தே மாறவில்லை. லாந்தரின் விளிம்பைக் காட்டினால்தான் பிடிக்கும்.

2025 அக்டோபரில், விழா முடிந்த வாரம், உடலிலேயே அதிர்வுத் தடுப்புள்ள புதிய கேமரா ஒன்றை விலை கேட்கப் போனேன். கடைக்காரர் என் பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லென்ஸோடு சேர்த்து 180 சிங்கப்பூர் வெள்ளி தருவதாகச் சொன்னார். மகளுக்கு இப்போது பதினொரு வயது. கடையில் வைத்து எதுவும் சொல்லாமல் வந்தவள், மின்தூக்கியில் என் பையைத் திறந்து கேமரா உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.