இடைத்தேர்தலில் சி-விஜில் செயலி: பேனருக்குப் பலம், பணப் பட்டுவாடாவுக்குப் பலவீனம்

தேர்தல் நடத்தை விதி மீறல்களைப் பொதுமக்களே படமெடுத்துப் புகார் செய்ய உதவும் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி 2018 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இடைத்தேர்தல் அறிவித்த அன்றே தொகுதி வாக்காளர்கள் செல்பேசியில் ஏற்றிவைக்கலாம். தேர்தல் இல்லாத இடத்தில் இது வேலை செய்யாது.

செல்பேசி எண், ஓடிபி கொடுத்து நுழைந்ததும் படமோ 2 நிமிடம் வரை வீடியோவோ செயலிக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். கேலரியில் இருப்பதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் ஏற்காது. எடுத்த 5 நிமிடத்துக்குள் அனுப்பியாக வேண்டும். விவரத்தை நீட்டி முழக்கி எழுதினால் நேரம் தாண்டிவிடும். படம் கேலரியிலும் சேமிக்கப்படாது என்பதால் கையில் எதுவும் மிஞ்சாது. ஜிபிஎஸ் பதிவு செய்வது நீங்கள் நிற்கும் இடத்தை. அதனால் கதவு எண், தெருப் பெயர்ப் பலகை, வண்டி எண் இவற்றில் ஒன்றாவது படத்தில் தெரியட்டும்.

புகாருக்கான கெடு 100 நிமிடம். கட்டுப்பாட்டு அறை 5 நிமிடத்தில் தகவலை அனுப்ப, பறக்கும் படை 15 நிமிடத்தில் வந்து சேர வேண்டும். களவிசாரணைக்கு 30, தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவெடுக்க 50. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 29 வரை வந்த 79,000-க்கும் மேற்பட்ட புகார்களில் சுமார் 89 சதவீதம் இந்தக் கெடுவுக்குள் முடிந்ததாக ஆணையம் அறிவித்தது. பாராட்டத்தக்க வேகம்தான். ஆனால் அதில் 73 சதவீதம் பேனர், விளம்பரப் பலகை பற்றியது. பணம், பரிசு, மது மூன்றும் சேர்ந்தே 1,400 சொச்சம்.

இடைத்தேர்தலைக் கெடுப்பதோ இந்த மூன்றும்தான். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் தேர்தலே பணப் பட்டுவாடாவால் ரத்தானது. பிறகு பணமாகவோ பரிசாகவோ மாற்றிக்கொள்ளத் தரும் டோக்கன் வீட்டுக்குள் கைமாறும். எண் மட்டும் போட்ட துண்டுச்சீட்டைப் படமெடுத்தால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அதில் தெரியாது. படை வருவதற்குள் கொடுத்தவர் அடுத்த தெருவில் இருப்பார். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், ஆனால் அந்தப் புகார் என்னவாயிற்று என்று செயலியில் பார்க்க முடியாது. கொடுப்பவர் பெரும்பாலும் அதே தெருக்காரர். அவருக்குப் பயந்து பெயரை மறைப்பவருக்குத்தான் பதில் அதிகம் தேவை. இந்தக் குறையை ஆணையம் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, எல்லை. மாநகராட்சிக்குள் வரும் தொகுதியென்றால் தேர்தல் நடத்தை விதி அந்தத் தொகுதிக்கு மட்டும். மற்றபடி மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும். நகரத்தில் ஒரு தெரு தள்ளி எடுத்த படம் தள்ளுபடியாகலாம்.

அனுமதியில்லாத பிரசார வண்டி, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி, அச்சகப் பெயரில்லாத சுவரொட்டி போன்றவற்றுக்குத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பட்டுவாடா என்றால் டோக்கனை மட்டும் எடுக்காமல், கொடுக்கும் கை, நிற்கும் வண்டி, கூடியிருக்கும் வரிசை எல்லாம் தெரிய வீடியோவாக எடுத்து அனுப்புங்கள்.