சாமுவேல்: கேட்டுப் பெற்ற பிள்ளையா, தேவன் கேட்டதா, தேவ நாமமா?

சாமுவேல் என்ற பெயருக்கு அர்த்தம் கேட்டால் நம் வீடுகளில் இரண்டு பதில் வரும். "ஆண்டவரிடம் கேட்டு வாங்கின பிள்ளை" என்பார்கள் பெரியவர்கள். பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினால் "தேவன் கேட்டார்" என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிடுகிறோம். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் தமிழ். யாசிப்பதும் நமக்குக் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான்.

"கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்று தாய் அன்னாள் பேரிடுகிறாள் (1 சாமுவேல் 1:20). அந்தப் பிள்ளை வளர்ந்து சீலோ ஆலயத்தில் ராத்திரியில் "அடியேன் கேட்கிறேன்" என்கிறான் (3:10). தமிழில் ஒரே வினை. எபிரெயத்தில் முதலாவது ஷாஆல், யாசிப்பது. அடுத்தது ஷாமா, காதால் கேட்பது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு வேர்கள். ஆகவே இரண்டு அர்த்தங்களையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் "தேவன் கேட்டார்". கேட்க இனிமையாக இருக்கிறது, எழுத்தில் நிற்கவில்லை. ஷாமாவின் கடைசி எழுத்து ஆயின், 119ஆம் சங்கீதத்தில் தலைப்பாக வருமே, அதே எழுத்து. இஸ்மவேல் என்ற பெயருக்கு உண்மையிலேயே "தேவன் கேட்கிறார்" என்று அர்த்தம். அதில் ஆயின் அப்படியே இருக்கிறது. லேயாள் பெற்ற சிமியோன் பெயரிலும் இருக்கிறது. சாமுவேலில் இல்லை. எபிரெயத்தில் அந்தப் பெயர் ஷீன், மேம், வௌ, ஆலெப், லாமேட், அவ்வளவுதான். தமிழுக்கு வரும்போது ஆயினும் ஆலெப்பும் சேர்ந்தே காணாமல் போவதால், இஸ்மவேலும் சாமுவேலும் நம் கண்ணுக்கு ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரிகின்றன.

அடுத்தது அன்னாள் சொன்ன "கேட்டேன்". வேதமே சொல்லும் காரணம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஷாஆலின் மூன்று எழுத்துகளும், ஷீன், ஆலெப், லாமேட், அதே வரிசையில் பெயருக்குள் இருக்கின்றன. ஆனால் நடுவில் இருக்கும் மேம் எங்கிருந்து வந்தது? மத்தியகால யூத உரையாசிரியர் தாவீது கிம்ஹி இதற்கு ஒரு வழி சொன்னார்: "ஷாஊல் மேஏல்", அதாவது "தேவனிடமிருந்து கேட்கப்பட்டவன்" என்பதன் சுருக்கம் என்று. அழகான யோசனைதான், ஆனால் நடுவில் ஓர் ஆலெப்பையும் லாமேட்டையும் விழுங்கினால்தான் அது நடக்கும்.

மூன்றாவது, பிரசங்கங்களில் அதிகம் காதில் விழாதது: ஷேம் என்றால் பெயர், ஏல் என்றால் தேவன். தேவ நாமம், அல்லது "அவர் நாமம் ஏல்". எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை, மிஞ்சுவது 'உ' என்று ஒலிக்கும் வௌ மட்டும். நடுவில் வரும் 'உ' பழைய வேற்றுமை விகுதியாக இருக்கலாம். யாக்கோபு போராடிய இடத்தைப் பாருங்கள்: ஆதியாகமம் 32:30இல் பெனியேல், அடுத்த வசனத்திலேயே பெனூவேல். தேவனுடைய முகம் என்ற அதே பெயர், இணைக்கும் உயிர் மட்டும் வேறு. நம் உடம்படுமெய் இந்தத் தையலை வெளியே காட்டிவிடுகிறது. தானியேல், கபிரியேலில் இகரத்துக்குப் பின் யகரம். சாமுவேல், பெனூவேலில் உகரத்துக்குப் பின் வகரம். பிரித்தால் சாமு + ஏல். அந்த 'வேல்' முருகனுடையது அல்ல. பழைய பாபிலோனின் முதல் அரச வம்சத்தில் சுமுலா-ஏல் என்று ஓர் அரசன் உண்டு. சுமு என்பதும் 'பெயர்' என்ற சொல்லோடு உறவுடையதாகவே பார்க்கப்படுகிறது. எண்ணாகமம் 34:20இல் அம்மியூதின் மகன் ஒருவனுக்கும் இதே பெயர். ஆக, அன்னாளின் ஜெபத்துக்கு முன்பே புழக்கத்தில் இருந்த பெயராகத்தான் இது தெரிகிறது.

சொற்பிறப்பு என்று பார்த்தால் என் ஓட்டு தேவ நாமத்துக்குத்தான். அப்படியானால் அன்னாள் சொன்னது தவறா? இல்லை. வேதத்தில் பெயருக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒலியைத் தொட்டுச் சொல்வது. நோவா என்ற பெயர் 'இளைப்பாறுதல்' என்ற சொல்லை ஒட்டியது. அவனுடைய அப்பா லாமேக்கு சொல்வதோ "தேற்றுவான்" என்ற வேறொரு வினை.

இன்னொரு கட்சியும் உண்டு. அன்னாளின் இந்தக் கதை முதலில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பிறப்புக் கதை, பிறகு சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்பது அவர்கள் வாதம். சும்மா தள்ளிவிட முடியாது. சவுலின் எபிரெயப் பெயர் ஷாஊல், "கேட்கப்பட்டவன்". முதல் அதிகாரத்தில் மட்டும் ஷாஆல் வேர் ஏழு முறை வருகிறது. ஏழாவது முறை 28ஆம் வசனத்தில், "கர்த்தருக்கென்று கேட்கப்பட்டவன்" என்னும் இடத்தில், எழுத்துக்கு எழுத்து ஷாஊல் என்றே நிற்கிறது. ஆனாலும் ஆசாரியன் ஏலி, சீலோ, பொருத்தனை என்று அந்தக் கதையில் உள்ள எதுவும் பென்யமீன் கோத்திரத்துக் கீசின் மகனோடு ஒட்டவில்லை. எழுதியவர் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு தாய் கேட்ட பிள்ளையைச் சொல்லும்போதே, ஜனங்கள் பின்னால் கேட்கப்போகும் ராஜாவின் பெயரை நம் காதில் போட்டுவைக்கிறார்.

அந்தச் சொல் புத்தகம் முழுக்க ஓடுகிறது. எட்டாம் அதிகாரத்தில் ஜனங்கள் ராஜாவைக் கேட்கிறார்கள். 28ஆம் அதிகாரத்தில் ஷாஊல் கர்த்தரிடம் கேட்கிறான், பதில் இல்லை. எந்தோர் என்ற ஊருக்குப் போய், அங்கே செத்தவர்களை எழுப்பும் ஒரு பெண்ணிடம், செத்துப்போன சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். எழும்பி வந்த சாமுவேல் அவனிடம் சொல்வதிலும் அதே வினை: "நீ என்னிடத்தில் கேட்பானேன்?"