சானி கணவாய் வழியாக லெசோத்தோவின் தபானா ந்ட்லென்யானா சிகரம்: வழிகாட்டி சேவை எப்படி?

போன ஜூலையில் டர்பனில் இருந்து நாலு பேர் போனோம், கணவாய்க்குக் கீழே இருக்கும் அண்டர்பெர்க் ஊரில் ஒரு வழிகாட்டியைப் பிடித்தோம். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே ஏற ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவர் பதறாமல் ஓட்டிய விதத்துக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன். உச்சியில் லெசோத்தோ சாவடி, பாஸ்போர்ட் கட்டாயம். அப்புறம் நாள் முழுக்க நடை. சிகரம் 3,482 மீட்டர், ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோவுக்குத் தெற்கே இதைவிட உயரமானது கிடையாது, ஆனால் செசோத்தோ மொழியில் பெயருக்கு 'அழகான சின்ன மலை' என்று அர்த்தமாம்! என் தங்கைக்குத் தலைவலி வந்ததும் வழிகாட்டியே வேகத்தைக் குறைத்து, அடிக்கடி உட்காரவைத்துக் கூட்டிப்போனார். குறை ஒன்றுதான்: மதியச் சாப்பாடு போதவில்லை, வீட்டில் இருந்து கொண்டுபோன பீன்ஸ் கறியும் ரொட்டியும்தான் காப்பாற்றியது. குளிர்காலத்தில் போனால் நல்ல கையுறை எடுத்துப் போங்கள், அங்கே பனி விழும்.